தம்பி தந்த இனிப்பு

வரதராசாவின் இடது காலில் மூன்று விரல்களை வெட்டியெடுத்த நேரத்தில், பிரவீனன் நாற்பது விருந்தினருக்கு ஃபொண்டு என்ற உருக்கிய பாலாடைக்கட்டி விருந்தைப் பரிமாறிக்கொண்டிருந்தான். அன்றுதான் வெட்டுகிறார்கள் என்று அவனுக்குக் காலையிலேயே தெரியும். வரதராசாவின் மனைவி கலாவதி ஷ்லீரன் நகரிலிருந்து அழைத்துச் சொல்லியிருந்தாள். "கவலைப்படாதேங்கோ அக்கா, இஞ்சத்தையான் டொக்டர்மார் கெட்டிக்காரர்" என்று ஆறுதல் கூறிவிட்டு, அவன் வெள்ளைச் சட்டையின் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு வேலைக்கு இறங்கினான். அந்த விரல்கள் போனதற்கு யார் காரணம் என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவன் அவன். மற்றவர் அந்த விரல்களின் சொந்தக்காரர்.

பிரவீனனுக்கு இருபத்தேழு வயது. பூம்ப்ளிஸ் என்ற ஊரில் பிறந்து வளர்ந்தவன். விடுதித் தொழிலை முறையாகப் படித்தவன். எங்கடின் என்ற பனிமலைப் பள்ளத்தாக்கில் நான்கு நட்சத்திர விடுதியொன்றில் அது அவனுக்கு மூன்றாவது குளிர்காலம். நல்ல உயரம், நல்ல சிரிப்பு, நாலு மொழி. விருந்தினர் அவனைப் பெயர் சொல்லிக் கேட்பார்கள். வரதராசாவுக்கு ஐம்பத்து நான்கு. ஷ்லீரனில் பொதிகட்டும் தொழிற்சாலையொன்றில் பதின்மூன்று வருடம் நின்றவர். அதை மூடிவிட்டார்கள். வேறு வேலை அகப்படாமல், அந்தக் குளிர்காலத்துக்கு மட்டும் என்று மலையேறி வந்து விடுதிச் சமையலறையில் பாத்திரம் கழுவினார். இரண்டு பேரும் தமிழர் என்பதால் ஒத்துப்போகும் என்று நினைத்து, நிர்வாகம் பணியாளர் கட்டடத்தில் இருவரையும் ஒரே அறையில் போட்டது.

ஒத்துப்போகவில்லை. வரதராசா பகலில் யாருக்கும் தொந்தரவு இல்லாத மனிதர். சட்டியைத் தேய்ப்பார், தேவாரத்தை வாய்க்குள் முணுமுணுப்பார், மனைவிக்குத் தொலைபேசி எடுத்து என்ன கறி என்று கேட்பார். நித்திரையில்தான் வேறு ஆளாகிவிடுவார். இரண்டாயிரத்து எட்டில் பதினொரு நாள் அவரை ஓர் இராணுவ முகாமில் வைத்திருந்தார்கள். அங்கே என்ன நடந்தது என்று அவர் மனைவிக்கும் முழுதாகச் சொன்னதில்லை. நித்திரைதான் சொல்லும். "மஹத்தயா, மஹத்தயா" என்று, ஐயா என்பதற்கான சிங்களச் சொல்லைச் சொல்லிச் சொல்லி மன்றாடுவார். கையிரண்டையும் தலைக்கு மேலே கொண்டுபோய் முகத்தை மறைப்பார். அந்தச் சத்தத்தில் ஒரு நாள் விடாமல் பிரவீனனின் நித்திரை கலையும். காலை ஆறரைக்கு அவன் காலையுணவுக்கு மேசை போட வேண்டும். அறை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டான். வேறு அறை இல்லை என்றார்கள்.

அதற்குப் பிறகு பிரவீனன் ஒன்று செய்தான். சமையலறையில் போர்த்துக்கீசச் சமையற்காரர்களுக்கு முன்னால் வரதராசாவைப் போல நடித்துக் காட்டினான். கையைத் தலைக்கு மேலே வைத்து, குரலைக் கீச்சென்று உயர்த்தி, "மஹத்தயா, மஹத்தயா" என்றான். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அர்த்தம் கேட்கவில்லை; அவனும் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து சமையலறை முழுவதும் வரதராசாவுக்கு அதுதான் பெயர். "மஹத்தயா, பெரிய சட்டி." "மஹத்தயா, கரண்டி எங்கே?" அந்தச் சொல் விழும்போதெல்லாம் வரதராசாவின் கையிலிருக்கும் தட்டு ஒரு கணம் தண்ணீருக்குள் அப்படியே நிற்கும். பிறகு அசையும். அதைப் பார்க்க பிரவீனனுக்கு முதல் இரண்டு நாள் ஒரு மாதிரியாக இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து பழகிவிட்டது.

அந்த விடுதியில் பிரவீனனுக்கு இன்னொரு தொழிலும் இருந்தது. கஞ்சாச் செடியை இங்கே ஹன்ஃப் என்பார்கள். அதில் போதை ஏறாத இனத்தைச் சட்டப்படியே கடைகளில் விற்கிறார்கள். எண்ணெய், தேயிலை, பூசுகிற களிம்பு என்று பல வகை. அந்தச் செடியின் சாற்றை ஆய்வுக்கூடத்தில் எடுத்து, இரசாயனத்தால் முறுக்கி, போதை ஏறும் பொருளாக மாற்றி இனிப்பில் கலப்பவர்களும் இருக்கிறார்கள். அரசாங்கம் ஒரு பொருளின் பெயரைத் தடைப்பட்டியலில் போட்டால், அவர்கள் ஓர் எழுத்தை மாற்றி இன்னொன்றைக் கொண்டுவருவார்கள். அதைத் தின்றால் ஓர் உடம்புக்கு என்ன நடக்கும் என்று சோதித்துப் பார்த்தவர் எவரும் இல்லை. பிரவீனன் இணையத்தில் அந்த இனிப்புகளை எடுப்பித்து, பருவ வேலைக்கு வந்த ஆட்களுக்குக் கொடுப்பான். பையின் முன்புறத்தில் பச்சை இலையும் சிரிக்கிற கரடிக்குட்டியும். பின்புறத்தில் எறும்பு எழுத்தில், இது வாசனைப் பொருள், உண்ணத்தக்கதல்ல என்று எழுதியிருக்கும். கேட்டவர்களுக்கு அவன், "ஹன்ஃப் தானே, இயற்கை" என்பான்.

மார்கழி நடுவில் ஒரு மாலை, மருந்துக் கடையில் நித்திரைக் குளிசை வாங்கலாமா என்று வரதராசா அவனிடம் யோசனை கேட்டார்.

"குளிசை எல்லாம் வேண்டாம் அண்ணை" என்றான் பிரவீனன். "என்னட்டைப் பச்சிலையிலை செய்த இனிப்பு ஒண்டு இருக்கு. இஞ்சை கடையளிலையும் விக்கிறதுதான். பாதி சாப்பிட்டுப் பாருங்கோ."

வரதராசா பாதி சாப்பிட்டார். அன்று ஒரு சத்தமும் இல்லை. மறுநாளும் இல்லை. பத்து நாள் அவர் கனவில்லாமல் தூங்கினார். பதினாறு வருடத்தில் இப்படித் தூங்கியதில்லை என்று சொல்லி அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கலாவதி தபாலில் அனுப்பிய பருத்தித்துறை வடையில் பாதியை அவனுக்கு எடுத்து வைத்தார். வேண்டாம் என்று தடுத்தும் கேட்காமல், அவன் பரிமாறும்போது காலில் போடும் சப்பாத்தைத் தினமும் மினுக்கி வைத்தார். பிரவீனன் தடுத்தது ஒரே ஒரு தரம்தான்.

தை மாதம் பழைய விற்பனைக்காரனின் இணையத்தளம் மறைந்துபோனது. பிரவீனன் வேறு ஓர் இடத்தில் எடுப்பித்தான். அதே இலை, அதே கரடிக்குட்டி. உள்ளே இருந்தது வேறு. நிறம் கறுத்திருந்தது, நகப்பூச்சின் மணம் அடித்தது. விடுமுறை நாளொன்றில் அவன் ஒன்றைத் தின்று பார்த்தான். ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. அடிப்பு காதில் கேட்டது, பல்லில் கேட்டது. குளியலறைத் தரையில் கிடந்தான். சுவர் அவனைப் பார்த்து மூச்சுவிட்டது. தான் செத்துவிட்டதாகவும், அதை யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்றும் ஆறு மணி நேரம் முழுமையாக நம்பினான். நாலு தரம் சத்தி எடுத்தான். அடுத்த இரண்டு நாள் கோப்பையைப் பிடிக்கக் கை நடுங்கியது. வரதராசாதான் அவனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டார். காய்ச்சல் என்று நினைத்திருந்தார்.

பையை அவன் எறியவில்லை. போர்த்துக்கீசருக்குக் கொடுத்தால் முகத்தை உடைப்பார்கள் என்று தெரியும். மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு இருந்தான்.

பழைய இனிப்பு தீர்ந்ததும் வரதராசாவின் சத்தம் திரும்பவும் வந்தது. முன்பைவிடக் கூட. மூன்றாம் நாள் காலை, நித்திரை இல்லாத கண்ணோடு பிரவீனன் பன்னிரண்டு கண்ணாடிக் கிண்ணங்களை ஒரே தட்டோடு கீழே போட்டான். விருந்தினர் முன்னிலையில் மேலாளர் அவனைத் திட்டினார். அன்று மத்தியானச் சாப்பாட்டு வேலை முடிந்து, ஐந்து மணி வரை ஓய்வு. அறைக்கு வந்தபோது வரதராசா கட்டிலின் விளிம்பில் காத்திருந்தார்.

"தம்பி, அந்த இனிப்பு இன்னும் கிடக்கோ? இப்ப ஒருக்கா நித்திரை கொண்டனெண்டால் பின்னேர வேலைக்கு நிப்பன். தலை சுத்துது."

பிரவீனன் லாச்சியைத் திறந்தான். கருணை என்று சொல்ல முடியாது. கோபம் மட்டும் என்றும் சொல்ல முடியாது. தனக்கு நடந்தது தனக்கு மட்டும்தானா, எல்லாருக்கும் அப்படித்தானா என்று பார்க்கும் ஆசையும் அவனுக்குள் இருந்தது. அதை அவன் பிறகு பல மாதங்கள் தனக்கே மறுத்தான். அந்த நிமிடத்தில் மறுக்கவில்லை. நாலு இனிப்பை எண்ணி அவருடைய உள்ளங்கையில் வைத்தான்.

"இது கொஞ்சம் மெதுவா வேலை செய்யும் அண்ணை. ரெண்டு எடுங்கோ. சரிவரேல்லையெண்டால் மற்ற ரெண்டையும் எடுங்கோ."

"நல்லா இருப்பீர் தம்பி" என்று வரதராசா வாழ்த்தினார்.

பிரவீனன் மேலங்கியை மாட்டிக்கொண்டு ஊருக்குள் கோப்பி குடிக்கப் போனான்.

நடந்ததைப் பிறகு ஆட்கள் சொன்னதிலிருந்தும் வரதராசா பிதற்றியதிலிருந்தும்தான் அவன் அறிந்தான். வரதராசா இரண்டைத் தின்றுவிட்டு நாற்பது நிமிடம் படுத்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை. சொன்னபடி மற்ற இரண்டையும் தின்றார். நாலு மணியளவில் பனிச்சறுக்கு முடித்த விருந்தினர், தலையில் கவசமும் முகத்தில் கறுப்புக் கண்ணாடியுமாக, கைகளில் நீண்ட தடிகளோடு, பணியாளர் கட்டடத்தின் பின்வழியால் வரிசையாக வந்தார்கள். யன்னலால் பார்த்த வரதராசாவுக்கு அவர்கள் யார் என்பதில் சந்தேகமே இருக்கவில்லை. வெறும் பெனியனோடும் காலுறையோடும் மறுபக்கக் கதவால் வெளியே ஓடினார். வெளியே பூச்சியத்துக்குக் கீழே பதினாலு பாகை குளிர்.

நாலே முக்காலுக்குப் பிரவீனன் திரும்பியபோது அறைக் கதவு திறந்து கிடந்தது. கட்டிலடியில் சத்தி. சப்பாத்து இரண்டும் வைத்த இடத்திலேயே இருந்தன. அவன் முதலில் செய்தது லாச்சியைத் திறந்ததுதான். பையைக் கழிப்பறையில் கொட்டி, இரண்டு தரம் தண்ணீர் இழுத்து, வெறும் பையைச் சிறு துண்டுகளாக வெட்டிக் குப்பையில் போட்டான். அதன் பிறகுதான் கீழே போய், வரதராசாவைக் காணவில்லை என்று சொன்னான். எங்கே போயிருப்பார் என்று மேலாளர் கேட்டார். "உலாவப் போயிருப்பார்" என்றான்.

மலைரயிலின் சாரதி ஒருவர்தான் தண்டவாளக் கரையில் சட்டையில்லாத மனிதன் ஒருவனைக் கண்டு வண்டியை நிறுத்தி அறிவித்தார். மீட்புக் குழு தேடிப் பிடிக்கும்போது இருட்டிவிட்டது. தண்டவாளத்துக்குக் கீழே தண்ணீர் போகும் மதகுக்குள் வரதராசா குந்தியிருந்தார். காலுறைகள் பனியோடு உறைந்து காலில் ஒட்டியிருந்தன. மீட்பவர்களும் கவசம் போட்டிருந்தார்கள், விளக்கு வைத்திருந்தார்கள். அவர்களைக் கண்டதும் அவர் கையிரண்டையும் தலைக்கு மேலே கொண்டுபோய் முகத்தை மறைத்தார். "மஹத்தயா" என்றார். பிரவீனனோடு தேடப் போயிருந்த போர்த்துக்கீசச் சமையற்காரன் ஒருவன் பழக்க தோஷத்தில் சிரித்துவிட்டான். பிறகு சிரிப்பை நிறுத்தி, பனியில் திரும்பி நின்றுகொண்டான்.

"உனக்கு அவருடைய மொழி தெரியும்தானே, கூட வா" என்று மீட்புக் குழுவினர் பிரவீனனை அம்புலன்ஸில் ஏற்றினார்கள்.

பள்ளத்தாக்கின் மருத்துவமனையில் வரதராசாவின் நாடித்துடிப்பு நூற்றெழுபதுக்கு மேல் ஓடியது. கைகளைக் கட்டிலோடு கட்ட வேண்டியிருந்தது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு சற்று அடங்கியபோது, இளம் பெண் மருத்துவர் ஒருவர் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார். அவர் ஜேர்மனில் கேட்பதைப் பிரவீனன் தமிழில் சொல்வது, வரதராசா சொல்வதை அவன் ஜேர்மனில் சொல்வது என்று ஒழுங்கானது.

"இன்று என்ன சாப்பிட்டார், என்ன குடித்தார், ஏதாவது மருந்து எடுத்தாரா என்று கேளுங்கள்."

பிரவீனன் கேட்டான். வரதராசாவின் வாய் உலர்ந்து வெடித்திருந்தது. சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன.

"தம்பி, அந்த இனிப்பு. நாலும் சாப்பிட்டிட்டன். அதுக்குப் பிறகுதான் நெஞ்சு வெடிக்கிற மாதிரி வந்தது. அவங்கள் வந்தாங்கள். இனிப்பிலை என்னவோ பிழை. அவவுக்குச் சொல்லும் தம்பி, இனிப்பு எண்டு சொல்லும்."

பிரவீனன் மருத்துவர் பக்கம் திரும்பினான். "போரில் நடந்ததைத் திரும்பவும் கண்டதாகச் சொல்கிறார். இராணுவம் வந்ததாம். அவருக்குப் பல வருடமாக இப்படி இருக்கிறது. அறையில் தினமும் கத்துவார்."

"நீளமாகச் சொன்னாரே?"

"அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்."

மருத்துவர் பேனாவை மூடிவிட்டு அவனைப் பார்த்தார். "சிறுநீரில் செய்த விரைவுச் சோதனை ஒன்றும் காட்டவில்லை. ஆனால் இப்போது வருகிற புதிய பொருள்கள் பலவற்றை அந்தச் சோதனை பிடிக்காது. பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம், எதைத் தேடுவது என்று தெரிந்தால். அதனால்தான் கேட்கிறேன். இது உடம்புக்குள் போன ஒரு பொருளின் வேலை என்றால், நாங்கள் காவலிருந்தால் போதும், பெரும்பாலும் இறங்கிவிடும். நோய் என்றால் மருந்து தொடங்க வேண்டும், நீண்ட காலத்துக்கு. இரண்டும் வேறு வேறு பாதை. நீங்கள் அவரோடு ஒரே அறையில் இருக்கிறீர்கள். ஏதாவது தெரியுமா?"

"இல்லை" என்றான் பிரவீனன். "குடிக்கவும் மாட்டார், புகைக்கவும் மாட்டார். கோயில்காரர்."

வரதராசா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தான் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்ற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

மறுநாள் பத்து மணிக்குத் தொலைபேசி மூலம் முறையான மொழிபெயர்ப்பாளர் ஒருவரை மருத்துவர் ஒழுங்கு செய்திருந்தார். அதை நர்ஸ் சொல்லக் கேட்டு, பிரவீனன் ஒன்பது மணிக்கே போய்விட்டான். கையில் வரதராசாவின் பல்தூரிகை, உடுக்கிற சாரம், திருநீற்றுப் பை. வரதராசா தெளிந்திருந்தார். கால்களில் பெரிய கட்டு. அவனைக் கண்டதும் அவருக்குக் கண் கலங்கியது.

"தம்பி, நேற்று நீர் இல்லாட்டி நான் என்ன செய்திருப்பன். டொக்டருக்கு இனிப்பெண்டு சொன்னனீர்தானே? என்னவாம்?"

பிரவீனன் கதவைச் சாத்திவிட்டு வந்து அவருடைய காதோடு குனிந்தான்.

"அண்ணை, அதைப் பற்றிக் கதையாதேங்கோ. நான் சொல்லேல்லை. உங்களுக்காகத்தான் சொல்லேல்லை. அது ஹன்ஃப். கஞ்சாச் செடி. கடையிலை வித்தாலும், ஆஸ்பத்திரியிலை எழுதினாங்களெண்டால் நீங்கள் போதைப்பொருள் பாவிச்ச ஆள். அது நேரை பொலிசுக்குப் போகும். உங்கட பெர்மிட் வாற மாதம் புதுப்பிக்க வேணுமெண்டு சொன்னீங்களல்லோ?"

வரதராசாவின் முகம் வெளிறியது. "ஓம்."

"கிழிச்செறிஞ்சு போட்டுத் திருப்பி அனுப்புவாங்கள். உங்களை மட்டுமில்லை, அக்காவையும்."

அவை எதுவும் உண்மையில்லை. மருத்துவர் பொலிசுக்கு எழுதமாட்டார் என்று பிரவீனனுக்குத் தெரியும். இந்த நாட்டில் பிறந்தவன், பள்ளிக்கூடத்திலேயே படித்தவன். வரதராசாவோ காக்கிச்சட்டையும் முத்திரையும் கண்டால் எழுந்து நிற்கிற மனிதர்.

"அப்ப நான் என்ன சொல்ல?"

"ஒண்டும் எடுக்கேல்லை. பழைய ஞாபகம் வந்தது. அவ்வளவுதான்."

பத்து மணிக்கு மருத்துவர் வந்து, தொலைபேசியை எல்லாருக்கும் கேட்கும்படி கட்டிலருகே வைத்தார். மறுபக்கத்தில் திரேசா என்ற பெண். பூம்ப்ளிஸிலிருந்து கதைப்பதாகச் சொன்னாள். தன் ஊர்க்காரி, தன்னைத் தெரிந்தவளோ என்று பிரவீனன் காதுகொடுத்துக் கேட்டான். ஆனால் அந்தக் குரலை அவனுக்குத் தெரியாது. நிதானமான, பழகிய குரல்.

"ஐயா, வணக்கம். நான் டொக்டர் கேக்கிறதையும் நீங்கள் சொல்லுறதையும் அப்பிடியே மாத்திச் சொல்லுவன். நான் கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன். இஞ்சை கதைக்கிறது வெளியிலை ஒருத்தரிட்டையும் போகாது, பொலிசுக்கும் போகாது. அதை முதல்லை விளங்கிக்கொள்ளுங்கோ."

வரதராசா பிரவீனனைப் பார்த்தார். பிரவீனன் யன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தான்.

"நேற்று ஏதாவது புதுசாச் சாப்பிட்டனீங்களோ? மருந்து, மூலிகை, ஆரும் தந்த சாமான்?"

"இல்லைப் பிள்ளை. ஒண்டும் இல்லை."

"டொக்டர் திரும்பவும் கேக்கிறா ஐயா. யோசிச்சுச் சொல்லட்டாம். உங்களை ஆரும் ஏசமாட்டினமாம்."

"ஒண்டுமே எடுக்கேல்லை. எனக்குப் பழைய வருத்தம்."

இப்படியாக அவருடைய வாயாலேயே அது பழைய நோய் ஆகிவிட்டது.

மருத்துவர்கள் தங்களிடம் சொல்லப்பட்டதை வைத்துத் தங்கள் வேலையைச் செய்தார்கள். போரில் பட்ட பழைய காயத்தின் மேல் வந்த மனநோய் என்று எழுதினார்கள். மருந்து தொடங்கியது. மருந்தில் வரதராசா தடுமாறினார், சொற்களைத் தொலைத்தார். அதையும் நோயின் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். மூன்று கிழமையில் கறுத்துப்போன விரல்களை எடுத்தார்கள். பிறகு மலைக்குக் கீழே மனநல மருத்துவமனையில் ஏழு கிழமை. விடுதி, பரீட்சார்த்த காலம் முடியாததைக் காட்டி வேலையை நிறுத்தியது. பிரவீனன் அவருடைய உடுப்புகளை இரண்டு பைகளில் அடைத்து அனுப்பினான். சப்பாத்து மினுக்கும் தூரிகையை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டான், நல்ல தூரிகை என்பதால். அடுத்த கிழமை அவனுக்குப் பரிமாறுபவர்களின் பொறுப்பாளர் பதவி கிடைத்தது.

வைகாசியில் கலாவதி அவனைச் சாப்பாட்டுக்கு அழைத்தாள். இரண்டு பருவத்துக்கும் இடையில் விடுதியை மூடியிருந்ததால் அவன் பூம்ப்ளிஸில் தாய் வீட்டில் நின்றான். சாட்டுச் சொல்லிப் பார்த்தான். வரதராசாவே தொலைபேசியை வாங்கி, "வாரும் தம்பி" என்று இழுத்து இழுத்துச் சொன்னார். போகாமல் விட்டால் சந்தேகம் வரும் என்று நினைத்து ஒரு ஞாயிறு மத்தியானம் ஷ்லீரனுக்குப் போனான்.

தொடர்மாடியில் மூன்றாவது மாடி. கதவைத் திறந்த கலாவதி சிரிக்கவில்லை. கூடத்தில் சோபாவில் இருந்த மனிதரை அவனுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. முகம் ஊதியிருந்தது. உதட்டோரத்தில் எச்சில் நின்றது; கலாவதி போகிற போக்கில் அதைத் துண்டால் துடைத்துவிட்டாள். வலது கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் இல்லாத ஒன்றை உருட்டுவது போல ஓயாமல் அசைந்தன.

"என்ரை பிள்ளை வந்திட்டான்" என்றார் வரதராசா.

கலாவதி கணவாய்க் கறியும் முருங்கைக்காயும் சமைத்திருந்தாள். வரதராசாவுக்குச் சோற்றைக் குழைத்துக் கரண்டியால் கொடுத்தாள். பிரவீனனின் சாப்பாட்டுக் கோப்பையில் கறி போடும்போதுதான் கேட்டாள்.

"தம்பி, இவருக்கு அண்டைக்கு என்ன குடுத்தனீர்?"

பிரவீனனின் கை கோப்பையில் நின்றது. "என்னக்கா?"

"போன கிழமை ஊசி போடப் போறதுக்கு முதல் இவர் என்னட்டைச் சொன்னவர். தம்பி தந்த இனிப்பு, ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டு. மனநோய்க்கெண்டு மாதத்துக்கு ஒரு ஊசி தம்பி. போட்டால் பத்து நாள் ஆளில்லை. நான் விடியப்புறம் கந்தோர் துடைக்கப் போனால், வரும்வரைக்கும் இதிலையே இருக்கிறார், மூத்திரம் போனாலும் எழும்பாமல். இது நோயில்லையெண்டால் ஊசியைக் குறைச்சுப் பாக்கலாமாம். டொக்டரைச் சாடையாக் கேட்டனான். எனக்கு உம்மிலை வழக்கு இல்லை. உம்மடை பேர் வேண்டாம். நாளைக்கு என்னோடை வந்து ஒரு வசனம் சொல்லும். என்ன சாமான் எண்டு மட்டும்."

அவளுடைய குரல் ஒரு தரமும் உயரவில்லை. அதுதான் பிரவீனனுக்குப் பயமாக இருந்தது. ஒரு வசனம். வாய் திறந்தால் முடிந்துவிடும். ஆனால் அந்த வசனத்துக்குப் பிறகு அடுத்த கேள்வி வரும்: ஏன் அன்றைக்கே சொல்லவில்லை? அதற்குப் பிறகு இன்னொன்று.

"அக்கா, நான் குடுத்தது விற்றமின்" என்றான். "பிள்ளையளுக்குக் குடுக்கிற விற்றமின். இவருக்கு இப்ப எல்லாம் குழம்பிப்போய்க் கிடக்கு."

கலாவதி கணவனின் பக்கம் திரும்பினாள். "நீங்கள் சொல்லுங்கோ. எனக்குச் சொன்னதைத் தம்பிக்கு முன்னாலை சொல்லுங்கோ."

வரதராசா நீண்ட நேரம் பிரவீனனைப் பார்த்தார். விரல்கள் உருட்டிக்கொண்டேயிருந்தன. வாயில் சொல் திரள நேரம் எடுத்தது.

"நான் ஒண்டும் சாப்பிடேல்லை" என்றார். "எனக்குப் பழைய வருத்தம். தம்பியை ஏன் குறுக்குக் கேள்வி கேக்கிறாய்? என்னைக் காப்பாத்தின பிள்ளை. கணவாய் போடு அவருக்கு."

கலாவதி கரண்டியைச் சட்டிக்குள் திரும்ப வைத்தாள்.

"போடு."

அவள் போட்டாள். கரண்டி கோப்பையில் இடித்தது. பிரவீனன் குனிந்து சாப்பிட்டான். எழுந்து போக முடியாததால் முழுவதையும் சாப்பிட்டான். இரண்டாம் தரம் போட்டதையும் சாப்பிட்டான். கறி நன்றாக இருந்தது. அது அவனுக்கே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் இருந்தது.

கதவடியில் அவள் மெல்லச் சொன்னாள்: "நீர் சொல்லாட்டிலும் நான் போய்ச் சொல்லுவன்."

"சொல்லுங்கோ அக்கா" என்றான் அவன். வரதராசா என்ன பதில் சொல்வார் என்று அவனுக்கு இப்போது தெரிந்திருந்தது.

ஆனி மாதம் விடுதி திறந்தது. முதல் சனிக்கிழமை கல்யாண விருந்தொன்றுக்காகப் பிரவீனன் மேசைகளில் கண்ணாடிக் கிண்ணங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. வரதராசாவின் எண். எடுக்காமல் விட்டான். திரும்பவும் அடித்தபோது எடுத்தான்.

"தம்பி, நான்தான்" என்றது இழுபட்ட குரல். "இவள் என்னை டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போனவள். எல்லாம் சொல்லிப்போட்டாள். இனிப்பு, அது இது எண்டு. டொக்டர் எழுதினவர். பிறகு என்னைத் தனிய வைச்சு, மொழிபெயர்க்கிற ஆளைப் பிடிச்சுத் தமிழிலை கேப்பிச்சவர். மூண்டு தரம் கேட்டவை தம்பி."

பிரவீனன் வரிசை விலகியிருந்த கிண்ணமொன்றை நேராக்கினான். மறுபக்கத்தில் மூச்சு ஏறி இறங்கும் சத்தம் கேட்டது.

"நான் உம்மைக் காட்டிக் குடுக்கேல்லை" என்றார் வரதராசா. "முகாமிலையும் நான் ஒருத்தரையும் காட்டிக் குடுக்கேல்லை. இவளுக்கு ஒண்டு சொல்லி டொக்டருக்கு ஒண்டு சொல்லுறன், வருத்தம் கூடிப்போச்செண்டு ஊசியைக் கொஞ்சம் கூட்டியிருக்கினம். பறவாயில்லை. நீர் பயப்படாதையும்."

"நல்லது அண்ணை" என்றான் பிரவீனன். மேலாளர் வாசலில் வந்து நின்று கைக்கடிகாரத்தைக் காட்டினார். "வேலையிலை நிக்கிறன், பிறகு கதைக்கிறன்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டு, அடுத்த மேசைக்குப் போனான்.